கை வந்தது, வேலை வரவில்லை

என் பெரியம்மா நடவுக்கு ஆள் கூட்டிப்போகிறவர். காட்டுமன்னார்கோவில் பக்கம், வீராணம் ஏரித் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. சம்பா நடவு தொடங்கிவிட்டால் விடியற்காலை நான்கு மணிக்கே எங்கள் காலனியில் அவர் குரல் கேட்கும். எந்த வயலில் சேறு தயாராகியிருக்கிறது, நாற்று எங்கே பறித்துக் கிடக்கிறது, யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல், அவள் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது, மழை வந்தால் எந்த வயலை முதலில் முடிப்பது என எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இருபது பெண்களின் கூலியை, அரை நாள் வந்தவள், முன்பணம் வாங்கியவள், பாதியில் போனவள் என்று பிரித்து, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ரூபாய் பிசகாமல் கையில் கொடுப்பார்.

ஒரு நாள் வரப்பில் நடந்து வரும்போது இடது கால் மடங்கி விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. 108 வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். பக்கவாதம் என்றார்கள். பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இயன்முறை சிகிச்சை சொல்லிக் கொடுத்தபடி பிள்ளைகள் தினமும் கை காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் நடந்தார். கையைத் தூக்கினார். பேச்சும் பழையபடி வந்தது. மறுபடி காட்டப் போனபோது, "கை கால் வந்துடுச்சு. கூலி வேலைதானே? கொஞ்ச நாள்ல போகலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

பால் பொங்கிய காலை

ஒரு காலை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். "உக்காரு, டீ போடறேன்" என்று எழுந்தார். அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைத்தார். டம்ளரை எடுத்துக் கழுவினார். கழுவிய டம்ளரை மறுபடியும் கழுவினார். மூன்றாவது முறையும் கழுவினார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெரியம்மா, பால் பொங்குது."

"ஆமா, பொங்குது."

சொன்னாரே தவிர, கை அடுப்புப் பக்கம் போகவில்லை. நான்தான் எழுந்து அணைத்தேன். கடைசியில் எனக்குக் கிடைத்தது டீத்தூளும் சர்க்கரையும் இல்லாத வெறும் பால். "டீத்தூள் போடலியா?" என்று கேட்டேன். "போடணும்ல" என்றார். டீக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால் வரிசையாகச் சொல்கிறார். செய்யச் சொன்னால் நடுவில் நின்றுவிடுகிறார்.

அதன் பிறகுதான் மற்றதெல்லாம் எங்கள் கண்ணில் பட்டது. ரேஷன் கடைக்குப் போகிறார், கார்டு வீட்டில் இருக்கிறது. திரும்பி வந்து கார்டை எடுக்கிறார், பையை விட்டுவிடுகிறார். குளிக்கப் போனவர் பாதியில் நின்றுகொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய பழைய கூலி பாக்கியை இரண்டு முறை கொடுத்துவிட்டார். ஒருவர் சொன்னால் எழுந்து செய்கிறார். யாரும் சொல்லாவிட்டால் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். "வேணும்னே செய்யுது" என்றாள் மருமகள். "மனசு விட்டுப்போச்சு" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். யாரோ செய்வினை என்று சொல்ல, மந்திரிக்கிறவருக்கு ஒரு ஆட்டுக்குட்டி விற்ற பணம் போனது. அந்தப் பக்கத் தெருவிலோ, "கவர்மென்ட் பணம் வருதுன்னு உக்காந்துடுச்சு" என்று பேசினார்கள். எங்கள் ஆட்கள் வேலைக்குப் போகாவிட்டால் சோம்பேறி அல்லது குடி. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கும் என்று யோசிக்கும் வழக்கம் ஊருக்கு இல்லை.

மூளையின் மேஸ்திரி

மூன்றாவது காரணம் உண்மையிலேயே இருந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ அந்தப் பகுதி பாதிக்கப்படுவதுதான் பக்கவாதம். கை காலை அசைக்கும் பகுதி பாதிக்கப்பட்டால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆனால் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையும், அதோடு ஆழத்தில் இணைந்திருக்கும் பாதைகளும் செய்கிற வேலை வேறு. ஒரு வேலையைத் தொடங்குவது, அடுத்தது எது என்று வரிசைப்படுத்துவது, நடுவில் ஒன்று குறுக்கிட்டால் மாற்றி யோசிப்பது, தப்பு நடந்தால் கவனித்துத் திருத்துவது, முடிந்ததும் நிறுத்துவது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. கட்டட வேலையில் மேஸ்திரி இல்லாத நாளை நினைத்துக்கொள்ளுங்கள். மணல் இருக்கிறது, சிமென்ட் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். சுவர் மட்டும் எழும்பாது. பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான்.

இது சாதாரணப் பரிசோதனையில் பிடிபடாமல் போவதும் உண்டு. 1991இல் ஷாலிஸ், பர்ஜஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தலையில் அடிபட்ட மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். மேசையில் உட்காரவைத்துச் செய்த அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் நன்றாகவே செய்தார்கள். ஆனால் கடைத்தெருவுக்கு அனுப்பி, சில பொருள்களை வாங்கு, சில விவரங்களைக் கேட்டுவா, இந்த நேரத்தில் இந்த இடத்தில் நில் என்று சொன்னபோது தடுமாறிப் போனார்கள். மேசையில் தேறியவர்கள் தெருவில் தேறவில்லை.

நம் மக்களுக்கு இதன் மறுபக்கமும் இருக்கிறது. கடிகாரம் வரை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்று கேட்கும் சோதனைகள் பள்ளிக்கூடம் போனவர்களை மனதில் வைத்து உருவானவை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அறுபது வயதுப் பெண், மூளையில் ஒரு கோளாறும் இல்லாவிட்டாலும் அதில் குறைவாகத்தான் வாங்குவார். அப்படி வாங்கினால், "படிக்காதவங்க, அப்படித்தான்" என்று உண்மையான பாதிப்பையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள்.

"கூலி வேலைதானே?"

இந்தச் சொல் எனக்கு இன்னும் உறுத்துகிறது. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கை காலும் இருந்தால் கூலி வேலைக்குப் போதும், தலைக்கு அங்கே வேலை இல்லை என்பது இந்தச் சமூகம் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்த ஒன்று. யோசிப்பது ஒரு சாதிக்கு, உழைப்பது இன்னொரு சாதிக்கு என்று பிரித்துவைத்ததன் மிச்சம் அது. வங்கி மேலாளர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து கை கால் சரியானால், "கணக்கு வழக்கு பார்க்க முடிகிறதா?" என்று கட்டாயம் கேட்டிருப்பார்கள். நடவுக்காரியிடம் கேட்கவில்லை.

திருக்குறளில் 'வினைசெயல்வகை' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஒரு வேலையை எப்படி எண்ணி, எப்படித் தொடங்கி, எப்படி முடிப்பது என்பது அதன் பொருள். பொருட்பாலில் அமைச்சருக்கு உரிய பகுதியில் அது வைக்கப்பட்டிருக்கிறது. கல்லூரியில் அதைப் படித்தபோது அமைச்சரைத்தான் நினைத்துக்கொண்டேன். இன்று என் பெரியம்மாவைத்தான் நினைக்கிறேன். நடவு வயலில், சாக்கடை அடைப்பை எங்கிருந்து எடுப்பது என்று முடிவு செய்யும் இடத்தில், பறையை எப்போது காய்ச்ச வேண்டும் என்று தெரிந்த கையில், நூறு பேருக்குச் சோறாக்கும் கோட்டை அடுப்பில் அந்த அறிவு தினமும் வேலை செய்கிறது. அதற்குப் பெயர் வைக்காததால் அது போனபோதும் யாருக்கும் தெரியவில்லை.

டீயில் தொடங்கிய சிகிச்சை

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக ஒரு முகாமுக்குப் போயிருந்தோம். அங்கே ஓர் இளம் பெண், செயல்முறை சிகிச்சை நிபுணர் என்று அறிமுகம் செய்துகொண்டார். ஆக்குபேஷனல் தெரபி என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். சில இடங்களில் தொழில்வழி சிகிச்சை என்றும் எழுதியிருக்கும். வேலை வாங்கித் தருவது என்று அதற்குப் பொருள் இல்லை. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, கடைக்குப் போவது, பிழைப்புக்கான வேலையைச் செய்வது என்று மனிதர் தினமும் செய்கிற காரியங்களை மீண்டும் செய்யவைப்பது அந்தச் சிகிச்சை. இயன்முறை சிகிச்சை கையை அசைய வைக்கிறது. அசைகிற கையைக் கொண்டு டீ போட வைப்பது இது. இந்தியாவில் இதற்கான முதல் பள்ளியை 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார்.

அந்தப் பெண் பெரியம்மாவிடம் இன்று என்ன தேதி என்று கேட்கவில்லை. "நாத்து பறிச்ச இடத்துலேர்ந்து நடவு வயல் வரைக்கும் எப்படிம்மா கொண்டுபோவீங்க? சொல்லுங்க" என்றார். பெரியம்மாவின் முகம் மாறியது. அரை மணி நேரம் பேசினார். நடுவில் எங்கே கோர்வை விட்டுப்போகிறது என்று அந்தப் பெண் குறித்துக்கொண்டே வந்தார். அடுத்த முறை பால், டீத்தூள், சர்க்கரை, அடுப்பு எல்லாம் வைத்து டீ போடச் சொன்னார். உதவி செய்யாமல் பக்கத்தில் நின்று பார்த்தார். எந்தப் படியில் நிற்கிறார், ஒரு சொல் எடுத்துக்கொடுத்தால் போதுமா, கையால் காட்ட வேண்டுமா என்பதைத்தான் அவர் கவனித்தார்.

பிறகு சொன்ன வழிகள் மிக எளியவை. பணம் செலவில்லாதவை.

ஒன்று, வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது. டீக்கு ஆறு படி. எழுதத் தெரியாதவர் என்பதால் பேத்தி ஆறு படம் வரைந்து அடுப்புக்கு மேலே ஒட்டினாள்.

இரண்டு, பொருள்களைச் செய்யும் வரிசையில் அடுக்கி வைப்பது. பால், டீத்தூள், சர்க்கரை, வடிகட்டி, டம்ளர். எடுத்து முடித்ததை மறுபக்கம் தள்ளிவிட வேண்டும். இந்தப் பக்கம் ஏதாவது மிச்சம் இருந்தால் வேலை முடியவில்லை என்று கண்ணுக்கே தெரியும்.

மூன்று, தனக்குத் தானே நான்கு கேள்வி கேட்டுக்கொள்வது. "என்னா செய்யப்போறேன்? எப்படிச் செய்யப்போறேன்? செஞ்சேனா? சரியா வந்துச்சா?" முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பழகப் பழக மனதுக்குள் சொல்லிக்கொள்ளலாம். குறிக்கோள், திட்டம், செயல், சரிபார்ப்பு என்ற இந்த வரிசையை மையமாக வைத்த ஒரு முறை கனடாவில் உடல் அசைவுகளை ஒருங்கிணைக்கச் சிரமப்படும் குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டது. பிறகு பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

நான்கு, வெளியிலிருந்து ஒரு நினைவூட்டல். செல்போனில் பேரனின் குரலைப் பதிவு செய்து அலாரமாக வைத்தோம். காலை எட்டு மணிக்கு, "ஆயா, பிரஷர் மாத்திரை!" என்று கத்தும்.

ஐந்தாவது எங்களுக்கானது. பெரியம்மா தயங்கினால் உடனே கையிலிருந்து பிடுங்கிச் செய்துவிடக் கூடாது. கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு "அடுத்தது என்ன?" என்று கேட்க வேண்டும். அதற்கும் வராவிட்டால்தான் காட்ட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை சொல்லக் கூடாது. வேலை செய்யும்போது டிவியை நிறுத்திவிட வேண்டும். "வேணும்னே செய்யுது" என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மருமகள் அழுதுவிட்டாள். அவளும் நாற்று நட்டு, வீட்டையும் பார்த்து, மாமியாரையும் பார்த்துக் களைத்தவள்தான்.

ஆபத்தையும் சொன்னார். எரியும் அடுப்பு, கொல்லையில் வைத்திருக்கும் பூச்சிமருந்து பாட்டில், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, மொத்தமாக வைத்திருக்கும் மாத்திரை. இவை நான்கும் கவனத்தில் இருக்க வேண்டும்.

எவ்வளவு பலன்?

உள்ளதைச் சொல்ல வேண்டும். இது அதிசய சிகிச்சை இல்லை. உலகெங்கும் நடந்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு, பக்கவாதத்துக்குப் பிறகான சிந்தனைக் குறைபாட்டுக்குச் செயல்முறை சிகிச்சை எந்த அளவு உதவுகிறது என்று 2022இல் பார்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட 24 ஆய்வுகள். கிடைத்த முன்னேற்றம் சிறியது, சான்றும் இன்னும் உறுதியாகவில்லை, மேலும் நல்ல ஆய்வுகள் தேவை என்பதுதான் முடிவு. எனவே, "முழுசா குணமாக்கறோம்" என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

பெரியம்மா இருபது பேரைக் கூட்டிப்போகும் பழைய ஆளாகத் திரும்பவில்லை. ஆனால் தனியாக டீ போடுகிறார். மாத்திரையை விடாமல் போடுகிறார். ரேஷன் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கார்டு, பை, பணம் என்று மூன்று விரலை மடக்குகிறார். போன சம்பாவில், இப்போது ஆள் கூட்டிப்போகிற பெண்ணோடு நாற்றங்காலுக்குப் போய், நாற்று முடிகளை எண்ணிக் கொடுத்தார். அதற்கு அவருக்குக் கூலி கிடைத்தது. ஆய்வுக் கணக்கில் இது சிறிய முன்னேற்றமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் இது சிறியது இல்லை.

கேட்டு வாங்க வேண்டியவை

முதலில், பக்கவாதம் என்று சந்தேகம் வந்த உடனே 108ஐக் கூப்பிடுங்கள். முகம் கோணுகிறதா, கை துவள்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி, அது பொருந்தக்கூடியவர்களுக்கு, நான்கரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். மந்திரிக்கப் போகும் ஒரு மணி நேரம் அதில்தான் கழிகிறது. பக்கவாதத்துக்கு முக்கியக் காரணம் உயர் ரத்த அழுத்தம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கான மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கிப் பரணில் போடாதீர்கள்.

அந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது. செயல்முறை சிகிச்சையும் வர வேண்டும் என்பது நம் கோரிக்கை. அதுவரை, வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு மூன்று கேள்விகளையாவது கற்றுக்கொடுக்கலாம். தானாக ஒரு வேலையைத் தொடங்குகிறாரா? தொடங்கியதை முடிக்கிறாரா? தப்பு வந்தால் கவனிக்கிறாரா? இந்த மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் மேலே அனுப்ப வேண்டும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போகும்போது கை காலை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். திட்டமிட முடியவில்லை, வேலையை முடிக்க முடியவில்லை என்று வீட்டில் பார்த்ததை மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எங்களுக்கு முதல் முறை இது தெரியவில்லை. மாநில அரசின் 'உரிமைகள்' திட்டத்தில் திறக்கப்பட்டு வரும் 'விழுதுகள்' சேவை மையங்களில் செயல்முறை சிகிச்சை உண்டு. உங்கள் பகுதிக்கு வந்திருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அரசு நிறுவனத்தில் வேலை செய்பவர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியானால் அவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. நம் தூய்மைப் பணியாளர்கள் எத்தனையோ பேர் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறார்கள். காலையில் வரிசை தவறி வேறு தெருவுக்குப் போய்விட்டால், "குடிச்சிட்டு வந்திருக்கான்" என்று சொல்லி நாளையிலிருந்து வராதே என்றால் அதோடு முடிந்தது. பணி நிரந்தரம் கேட்டு நடக்கும் போராட்டத்துக்குள் இந்தப் பாதுகாப்பும் அடக்கம் என்பதைத் தொழிற்சங்கத் தோழர்கள் சொல்ல வேண்டும்.

பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. உயிரியல் படித்தவர்கள் செயல்முறை சிகிச்சைப் பட்டப்படிப்புக்குப் போகலாம். இணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் இந்தத் தொழிலும் இருக்கிறது. நாற்று முடி என்றால் என்ன என்று தெரிந்த ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், எங்கள் பெரியம்மாவைப் போன்றவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்டோபர் 27 உலக செயல்முறை சிகிச்சை நாள். 29 உலக பக்கவாத நாள். இரண்டு நாளும் நடவு நேரத்தில்தான் வருகின்றன. உங்கள் தெருவில் பக்கவாதம் வந்து எழுந்து, பிறகு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்ட யாராவது இருந்தால், அவரிடம் போய்க் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு டீ போடச் சொல்லுங்கள். அவசரப்படாமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.